காலால் கேட்பவை

மூக்குக் குழாய் வழியாகக் கஞ்சித் தண்ணீரைச் சிறுகச் சிறுக இறக்கிக்கொண்டிருந்த பாண்டிச்செல்வி சட்டென்று கையை நிறுத்தினாள். என்னவோ ஒன்று குறைந்தது. வெளியே மழை பெய்துகொண்டுதான் இருந்தது. கீழே சுக்குக் கிடங்கில் மூட்டை இறக்குகிறவர்கள் ஒருவரை ஒருவர் கூப்பிட்டுக்கொண்டுதான் இருந்தார்கள். கட்டிலுக்கடியில் காற்று மெத்தையின் மோட்டார் வழக்கம்போல முனகியது. பிறகுதான் அவளுக்குப் பிடிபட்டது. தலைக்கு மேலே, உத்திரத்துக்குள், பொழுதெல்லாம் கேட்கிற அந்தக் கரகரப்பு நின்றுபோயிருந்தது.

அவள் இந்த வீட்டுக்கு ஹோம் நர்ஸாக வந்த நாளிலிருந்து அந்தச் சத்தம் உண்டு. பக்கத்து அறையில் யாரோ உட்கார்ந்து அவசரமில்லாமல் முறுக்குக் கடிப்பதுபோல இருக்கும். மட்டாஞ்சேரி அரிசிக் கிடங்குகளுக்குப் பின்சந்தில் இருந்த அந்த வீட்டின் மாடி முழுக்க மரம்தான். தரை மரம், சுவர் மரப்பலகை, மேலே கூரைத்தட்டும் மரம். பழைய உத்திரம் இற்றுப்போனதால், அப்பாவை ஆஸ்பத்திரியிலிருந்து அழைத்து வருவதற்குள் வேலையை முடித்துவிட வேண்டும் என்று மகன் கேசவ் அவசரத்தில் ஒரு காட்டுமரத்தை வாங்கிப் போட்டிருந்தான். சரியாகக் காயாத மரம். ஒரு பக்கத்தில் பட்டைகூட உரிக்கவில்லை. அதற்குள் வண்டுப் புழு குடைந்துகொண்டிருந்தது. குடைந்த மாவு மஞ்சளாகக் கட்டில்மேல் உதிரும். காலையும் மாலையும் அவள் அதைத் துடைப்பாள். முதலில் லக்ஷ்மிநாராயணன் சாரின் நெற்றியைத் துடைப்பாள். அவரால் அதைத் தட்டிவிட முடியாது.

பக்கவாதம் அவரிடம் விட்டுவைத்தது கண்களை மட்டும்தான். ஏலத்துக்கு வருகிற தேயிலையை ஒரு வாய் உறிஞ்சிப் பார்த்து, எந்த மலை, எந்தப் பருவத்துக் கொழுந்து என்று சொல்கிற உத்தியோகத்தில் இருந்தவர். இப்போது சாப்பாடே மூக்கு வழியாகத்தான். அதனால் தினமும் சாயங்காலம் பாண்டிச்செல்வி தன்னுடைய சாயாவில் பஞ்சை நனைத்து அவர் நாக்கில் ஒரு சொட்டு வைப்பாள். நன்றாக இருந்தால் ஒரு சிமிட்டல், மோசமென்றால் இரண்டு. இன்றுவரைக்கும் அவளுக்கு ஒற்றைச் சிமிட்டல் கிடைத்ததில்லை. "படுத்துக் கெடந்தாலும் வாய் மட்டும் மைசூர் மகாராஜா வாயி" என்று அவள் சிரிப்பாள். அவர் கண்ணும் சிரிக்கும்.

அன்றைக்கு அந்தக் கண் அவளைப் பார்க்கவில்லை. மேலே பார்த்துக்கொண்டிருந்தது. அவளும் நிமிர்ந்து பார்த்தாள்.

உத்திரத்தின் பட்டைப்பக்கத்தில் குளவிகள் நின்றிருந்தன. ஜன்னலோரத்தில் மண்கூடு கட்டுகிற குளவிகள் இல்லை இவை. நூல்போல மெலிந்த கறுத்த உடம்பு. குளவிக்கு இருக்கக்கூடாத நீளத்தில் ஒரு கழுத்து. அதன் நுனியில் உருண்டைத் தலை, தலையைச் சுற்றி முள்முள்ளாகக் கிரீடம் வைத்ததுபோல. பின்னங்கால்களின் தொடைகள் மட்டும் வீங்கியிருந்தன. உடம்பைவிட நீளமான ஊசி ஒன்று வாலிலிருந்து இறங்கி, நுனிக்குச் சற்று முன்னால் ஒரு வெள்ளை வளையத்துடன், மரத்துக்குள் போயிருந்தது. இறகு அசையவில்லை. இரைச்சல் இல்லை. ஒன்றுமட்டும் இன்னும் ஊசியை இறக்காமல், பின்னங்கால்களை மரத்தில் அழுத்தி, டாக்டர் நெஞ்சில் குழாய் வைத்துக் கேட்பதுபோல நின்றது. கொஞ்சம் நகர்ந்தது. மறுபடியும் நின்று கேட்டது.

பெங்களூரில் இருக்கும் கேசவுக்கு அவள் போன் செய்தாள்.

"பழைய வீடாக்கும், அக்கா. பூச்சி இல்லாம இருக்குமோ? நீங்க பயப்படாதேங்கோ. மருந்தடிக்க ஆளை அனுப்பறேன்" என்றான் அவன்.

மறுநாள் ஆலுவாவிலிருந்து ஆஷிக் என்ற இளைஞன் மருந்து டப்பாவோடு வந்தான். ஏணி வைத்து ஏறி உத்திரத்தைப் பார்த்தவன், மருந்தைத் தொடாமலே சிரித்துக்கொண்டு திரும்பினான்.

"சேச்சி, இதுக்கு எதுக்கு மருந்து? இது நமக்கு உபகாரம்ல செய்யுது. காட்டுல உள்ள சாதி. இந்த ஊருக்குள்ள நான் கண்டதே இல்ல. மரத்துக்குள்ள புழு எங்க இருக்குன்னு காலால கேட்டு, கரெக்டா அங்க ஊசிய எறக்கி, புழு மேல முட்டை வைக்கும்."

"காலால கேக்குமா?"

"காலாலதான். மரத்துக்குள்ள என்ன அசைஞ்சாலும் அது அறியும்."

அவன் உளியால் பட்டையை ஒரு கை அகலத்துக்குப் பெயர்த்தான். உள்ளேயிருந்து எதையோ எடுத்து உள்ளங்கையில் வைத்துக்கொண்டு இறங்கி வந்தான். கட்டைவிரல் தடிமனில் ஒரு வெள்ளைப் புழு. தளதளவென்று, பளபளப்போடு இருந்தது. ஆனால் நெளியவில்லை. அதன் விலாவில் அரிசிமணிபோல ஒன்று ஒட்டிக்கொண்டிருந்தது. அந்த அரிசிமணி மட்டும் அசைந்தது.

"செத்துப்போச்சா?" என்று கேட்டாள்.

"இல்ல சேச்சி. ஜீவன் உண்டு. செத்தா அழுகிப்போகுமே, பின்ன குஞ்சுக்குத் தீனி ஏது? அதனால கொல்லாது. ஒரே குத்து, அதோட புழு அசையாது. குஞ்சு பைய்யப் பைய்யத் தின்னும். கடைசி வரைக்கும் புழு உயிரோட கெடக்கணும். அதான் கணக்கு."

"அதுக்கு வலிக்காதாக்கும்?"

"அது ஆருக்குத் தெரியும்? அதால சொல்ல முடியாதில்ல."

சொன்ன பிறகுதான் இருவருக்கும் ஒரே நேரத்தில் உறைத்தது. இருவரும் கட்டிலைத் திரும்பிப் பார்த்தார்கள். லக்ஷ்மிநாராயணனின் கண்கள் ஆஷிக்கின் உள்ளங்கையில் குத்திட்டு நின்றன. வலது கண்ணின் ஓரத்திலிருந்து நீர் புறப்பட்டுக் காதுக்குள் இறங்கியது. ஆஷிக் கையை மூடிக்கொண்டான். புழு தீர்ந்ததும் அவை தாமாகப் போய்விடும் என்று தாழ்ந்த குரலில் சொல்லிவிட்டு, சாயாகூடக் குடிக்காமல் படியிறங்கினான்.

புழு தீர்ந்தது. மழை விடாமல் பெய்த அந்த வாரத்தில் உத்திரத்திலிருந்து ஒரு துளி மாவு உதிரவில்லை. சத்தம் அடியோடு இல்லை. நெற்றி துடைக்கிற வேலை இல்லாதது பாண்டிச்செல்விக்கு நிம்மதியாக இருந்திருக்க வேண்டும். இல்லை. சுக்கு வாசனையும் காயல் சேற்று வாசனையும் ஈரப் பலகையின் புளித்த வாசனையும் கலந்து கனத்துக் கிடந்த அந்த அறையில், பகலிலேயே விளக்குப் போட வேண்டியிருந்த அந்த இருட்டில், காது எதையோ எதிர்பார்த்து விறைத்துக்கொண்டே இருந்தது.

குளவிகள் போகவில்லை.

உத்திரத்திலிருந்து பலகைச் சுவருக்கு இறங்கின. அவள் விளக்குமாற்றால் அடித்தாள். மறுநாள் அதே இடத்தில் அதைவிட அதிகமாக நின்றன. சாம்பிராணிப் புகை போட்டாள். சாருக்கு மூச்சுத் திணறியதால் உடனே அணைத்தாள். ஒன்று மட்டும் அவளுக்குப் புரிந்தது. அவள் நடந்தால், தரையைத் துடைத்தால், சும்மா கையை ஆட்டினால்கூட அவை விலகின. அவளிடம் அவற்றுக்கு எந்த வேலையும் இல்லை. அவை போன இடமெல்லாம் கட்டிலைச் சுற்றித்தான்.

ஒன்று கட்டில் காலில் நின்று கேட்டுக்கொண்டிருந்ததை அவள் குந்தி உட்கார்ந்து பார்த்தாள். வைரம் பாய்ந்த பழைய தேக்கு. அதில் எந்தப் புழுவும் இல்லை. பிறகு எதைக் கேட்கிறது? யோசித்துக்கொண்டே அவளும் கட்டில் காலில் காதை வைத்தாள்.

கேட்டது.

சாரின் நெஞ்சில் கட்டியிருந்த சளி. ஒவ்வொரு மூச்சுக்கும் ஒரு மெல்லிய கரகரப்பு. அது மெத்தை வழியாக, பலகை வழியாக, தேக்குக் கால் வழியாக இறங்கி வந்துகொண்டிருந்தது. உள்ளே ஒன்று அசையாமல் கிடக்கிறது. உயிரோடு கிடக்கிறது. மெல்லக் கரகரக்கிறது.

அவள் எழுந்து, முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு, கட்டிலின் நாலு கால்களுக்கும் கீழே கிண்ணம் வைத்து மண்ணெண்ணெய் ஊற்றினாள். கொசுவலையை இறக்கி ஓரங்களை மெத்தைக்கடியில் இறுகச் செருகினாள். கேசவை மறுபடியும் கூப்பிட்டாள்.

"தம்பி, சாரை இங்கேருந்து வேற எங்கனயாவது மாத்தணும். இந்த ரூம் சரியில்ல."

"ஞாயித்துக்கிழமை நானே வரேனே, அக்கா. இந்த மழையிலே அப்பாவைத் தூக்கிண்டு அலைய வேண்டாம். ஜுரம் வந்துட்டா? கொஞ்சம் சமாளிச்சுக்கோங்கோ."

சமாளித்தாள். வலைக்குப் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து விசிறியை ஆட்டினாள். காலை ஆட்டினாள். கட்டில் சட்டத்தைத் தட்டினாள். சாருக்கு ஊர்க்கதை சொன்னாள், சினிமாக் கதை சொன்னாள், சண்டை போட்டுப் பேச்சை நிறுத்திய நாத்தனாரைப் பற்றி விலாவாரியாகச் சொன்னாள். அசைவு நிற்கக்கூடாது. அது ஒன்றுதான் குறி. ஆனால் எத்தனை நாளைக்கு ஒரு மனுஷி அசைந்துகொண்டே இருப்பாள்? வெள்ளிக்கிழமை மத்தியானம், மழைச் சத்தத்தில், பலகைச் சுவரில் முதுகைச் சாய்த்தவள் அப்படியே கண்ணயர்ந்துவிட்டாள்.

விழித்தபோது இடது தோள்பட்டைக்குக் கீழே ஜில்லென்று இருந்தது. ஐஸ் தண்ணீர் ஒரு சொட்டு ஜாக்கெட்டுக்குள் இறங்கியதுபோல. துள்ளி எழுந்து சுவரைப் பார்த்தாள். சுவரில் ஒன்றும் இல்லை. கையை வளைத்துத் தொடப் பார்த்தாள். எட்டவில்லை. பலகை ஈரம்தான், வேறென்ன என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள்.

பிறகுதான் மோட்டார் சத்தம் மாறியிருப்பதைக் கவனித்தாள்.

மேடு ஏற முடியாத ஆட்டோபோல அது இழுத்து இழுத்து முக்கியது. காற்று மெத்தை தொய்ந்து கிடந்தது. சாரின் உடம்பு பலகையோடு பலகையாக இறங்கியிருந்தது. குழாயைச் சரிபார்த்தாள். குழாய் சரியாகத்தான் இருந்தது. மெத்தையின் ஓரத்தை அழுத்தினாள். உள்ளங்கையில் காற்று ஊசி ஊசியாகப் பீய்ச்சியது. ஒரு ஓட்டை இல்லை. பல ஓட்டைகள்.

போன் டார்ச்சைப் போட்டுக்கொண்டு தரையில் மல்லாந்து படுத்து, கட்டிலுக்கடியில் தலையை நுழைத்தாள்.

பலகையின் அடிப்பக்கம் கறுப்பாக இருந்தது.

தலைகீழாக நின்றன. நெருக்கி நெருக்கி நின்றன. நீளக் கழுத்துகள் எல்லாம் கீழே தொங்கின. ஊசிகள் எல்லாம் மேலே போயிருந்தன. எத்தனை நேரமாக நிற்கின்றனவோ. கிண்ணத்து மண்ணெண்ணெய் கலங்கவே இல்லை. பறக்கிற பூச்சிக்குக் கட்டில் கால் எதற்கு? வெளிச்சம் பட்டும் ஒன்றுகூட அசையவில்லை. அவள் முகத்துக்கு ஒரு முழம் மேலே, ஒரு ஊசி, எடுத்த காரியம் முடிந்ததுபோல, வெள்ளை வளையம்வரை மெதுவாக வெளியே வந்தது.

அவள் எப்படி வெளியே வந்தாள் என்று அவளுக்கே தெரியாது. அடுக்களைக்கு ஓடினாள். ஏன் ஓடினாள் என்பது அடுப்பைப் பற்றவைத்த பிறகுதான் தெரிந்தது. சாயா போட்டாள். தூளை அள்ளிப் போட்டுக் கறுக்கக் கறுக்கக் கொதிக்கவிட்டாள். சர்க்கரைக்குப் பதில் உப்பைப் போட்டாள். வலையை விலக்கி, பஞ்சை நனைத்து, அவர் நாக்கில் வைத்தாள்.

"சார். எப்படி இருக்கு?"

கண் விரிந்தே இருந்தது.

"நல்லா இல்லல்ல? ரெண்டு சிமிட்டுங்க. சார், ரெண்டே ரெண்டு."

கண்ணின் வெள்ளையில் ஈரம் காய்ந்து மங்கிக்கொண்டு வந்தது. விரலால் இமையை மூடினாள். மூடியபடியே இருந்தது. திறந்துவிட்டாள். திறந்தபடியே இருந்தது. நடுவில் கருமணி மட்டும் அவளை நோக்கி, மயிரிழை அளவுக்கு, நகர்ந்தது.

அவரை ஒருக்களித்துப் புரட்டினாள். முதுகில் ரத்தம் இல்லை. வீக்கம் இல்லை. நூல் கோர்க்காத தையல் மெஷினை ஓட்டியதுபோலப் புள்ளிகள். வரிசையாக. தோளிலிருந்து இடுப்புவரை.

குனிந்து காதை வைத்தாள். மூச்சு கேட்டது. இதயம் கேட்டது. அவற்றுக்கு நடுவே, அவசரமே இல்லாமல், யாரோ முறுக்குக் கடித்துக்கொண்டிருந்தார்கள்.

கேசவிடம் அவள் கேட்கவில்லை. ஆம்புலன்ஸ் ஓட்டுகிற சுடலைமணியைக் கூப்பிட்டாள். அவள் ஊர்ப்பக்கத்துக்காரன். ஆலப்புழைக்கு ஒரு கேஸோடு போயிருக்கிறேன், விடிந்ததும் முதல் வேலையாக வருகிறேன் என்றான். வேறு இரண்டு வண்டிகளும் கிடைக்கவில்லை. கடற்கரைப் பக்கம் வெள்ளம் ஏறி எல்லா வண்டிகளும் அங்கே போயிருந்தன. அவரைத் தரையில் இழுத்துப் போட்டாள். தரையும் மரம். இரண்டு பிளாஸ்டிக் நாற்காலிகளைச் சேர்த்து அவரை உட்காரவைத்து, சேலையால் கட்டி, சுற்றிச் சுற்றி நடந்தாள். விடியும்வரை நடந்தாள். இடது கை கனத்தது. தூக்கக் கலக்கம். காலில் மதமதப்பு. நடந்துகொண்டே இருக்கிறேனே, மதமதக்காமல் என்ன செய்யும். நடந்தாள்.

காலையில் சுடலைமணியும் உதவியாளும் ஸ்ட்ரெச்சரோடு மேலே வந்தார்கள்.

"என்னக்கா இது, ஆளு இம்புட்டு லேசா இருக்காரு?" என்றான் சுடலைமணி, செங்குத்துப் படியில் இறங்கும்போது. "வெறும் கூடு மாதிரி."

"பேசாம இறக்கு, மணி."

"ஒங்க மூஞ்சியும் சரியில்லையே. சாப்பிட்டீங்களா?"

"ஏறி ஒக்காந்ததும் எல்லாம் சரியாயிரும்."

தெருவில் மழை விட்டிருந்தது. மிளகு மூட்டை ஏற்றிய லாரி, பள்ளிக்கூடப் பிள்ளைகள், சைக்கிளில் மத்தி மீன்காரர் என்று எல்லாம் அதனதன் இடத்தில் இருந்தன. வண்டிக்குள் இரும்பும் பிளாஸ்டிக்கும்தான். மரம் என்று ஒரு குச்சிகூட இல்லை. அவள் மேலும் கீழும் பார்த்தாள். ஒரு குளவியும் கூட வரவில்லை. ஸ்ட்ரெச்சருக்குப் பக்கத்து சீட்டில் உட்கார்ந்தாள். எத்தனையோ நாளைக்குப் பிறகு, கையைக் காலை ஆட்டாமல், சும்மா உட்கார்ந்தாள்.

தோப்பும்படிப் பாலம் ஏறும்போது சாரின் போர்வை நழுவியது. சரிசெய்யலாம் என்று நினைத்தாள். கை வரவில்லை.

மறுபடியும் நினைத்தாள். வரவில்லை.

மணி என்று கூப்பிடப் பார்த்தாள். உதடு ஒட்டியிருந்தது. நாக்கு எங்கேயோ இருந்தது. வண்டி குலுங்கியபோது அவள் தலை ஜன்னல் கம்பியில் மோதியது. நன்றாக வலித்தது. மறுபடியும் மோதியது.

ஆஸ்பத்திரி வாசலில் கதவு திறந்தது. வெளிச்சம் முகத்தில் அடித்தது.

"யக்கா, எறங்குங்க. வந்தாச்சு." சுடலைமணி தோளைத் தொட்டான். "யக்கா?"

அவள் அப்படியே சரிந்தாள்.

அதற்குப் பிறகு நடந்தது எல்லாம் அவளுக்குத் தெரிந்தது. தூக்கினார்கள். கண்ணில் டார்ச் அடித்தார்கள். கைவிரல் நகத்தை ஒரு டாக்டர் பேனாவால் அழுத்தினார். உயிர் போகிற வலி. அவர் அவள் முகத்தைப் பார்த்துவிட்டு, ஒன்றும் தெரியவில்லை என்று தலையை அசைத்தார். நாடி சரி. பிரஷர் சரி. "மூணு நாளா தூங்கலையாம் சார்" என்று சுடலைமணியின் குரல் அழுதது. பழைய நோயாளிக்கு ரெண்டாவது அட்டாக், இந்தச் சேச்சிக்கு அலுப்பும் அதிர்ச்சியும், ரெண்டு பேரும் அசையாமல் ஓய்வெடுக்கட்டும் என்று யாரோ முடிவு சொன்னார்கள்.

பக்கத்துப் பக்கத்துக் கட்டில். நடுவே பச்சைத் திரை. திரையின் இடைவெளியில் சாரின் முகம் தெரிந்தது. விரிந்த கண்கள் அவளையே பார்த்தன. அவர் கழுத்தெலும்புக்கு மேலே தோல் ஓரிடத்தில் உள்ளிருந்து மெல்ல உயர்ந்தது. தாழ்ந்தது. கொஞ்சம் தள்ளி உயர்ந்தது. அது மூச்சு இல்லை. அவள் கத்தினாள். அறையில் மின்விசிறி ஓடுகிற சத்தம் மட்டும் கேட்டது.

சின்ன வயது நர்ஸ் ஒருத்தி வந்தாள். போர்வையை இழுத்து, பாண்டிச்செல்வியின் இரண்டு பக்கமும் மெத்தைக்கடியில் இறுகச் செருகினாள். நெற்றியைத் தடவிக்கொடுத்தாள்.

"நல்லோணம் உறங்கட்டே, பாவம்" என்று இன்னொருத்தியிடம் சொல்லிவிட்டு, திரையை முழுதாக இழுத்து மூடிப் போனாள்.

இடது தோள்பட்டைக்குக் கீழே, ஆழத்தில், சின்னதாக ஒன்று புரண்டு, வசதியாகப் படுத்துக்கொண்டு, வாயைத் திறந்தது.